சாட்சிக் கூண்டில் புதுமை

ஜீன்ஸ் அணிந்த 15 வயதுப் பையன் பீடமேறிவிட்டார். வேதசாட்சி தேவசகாயமோ 270 ஆண்டுகள் காத்திருந்தார். இன்றைய கத்தோலிக்கத் திருச்சபை ஒருவரைப் புனிதர் என்று எப்படி முடிவு செய்கிறது? அதில் மருத்துவருக்கு என்ன வேலை, மக்களுக்கு என்ன பங்கு?

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில், திருத்தந்தை 14ஆம் லியோ தாம் பொறுப்பேற்ற பிறகு முதன்முறையாகப் புனிதர் பட்டம் வழங்கினார். அன்று பட்டம் பெற்றவர்கள் இருவர். ஒருவர் பியர் ஜார்ஜோ ஃபிரசாத்தி. இத்தாலியின் தூரின் நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை, மலையேறுவதில் பித்துக் கொண்டவர், ஏழைகளுக்கு உதவி செய்துகொண்டே திரிந்து 1925இல் 24 வயதில் போலியோ தாக்கி இறந்தவர். இன்னொருவர் கார்லோ அகுதிஸ். 1991இல் லண்டனில் பிறந்து மிலான் நகரில் வளர்ந்தவர். 2006 அக்டோபர் 12இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 15.

கார்லோவின் அம்மாவும் அப்பாவும் கூட்டத்தில் இருந்தார்கள். அவர் இறந்த பிறகு பிறந்த தம்பி பலிபீடத்தருகே நின்று வாசகம் வாசித்தார். பெற்ற பிள்ளை புனிதராவதைக் கண்ணால் பார்ப்பது திருச்சபை வரலாற்றில் அபூர்வம். 1950இல், சிறுமியாக இறந்த மரிய கொரற்றிக்குப் பட்டம் கொடுத்தபோது அவருடைய வயதான தாய் உயிரோடு இருந்தார் என்பதை இன்றும் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள்.

கார்லோ வீடியோ கேம் விளையாடினார், நாய் பூனைகளைக் கொஞ்சினார். கணினி நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டு, உலகெங்கும் நடந்ததாகச் சொல்லப்படும் நற்கருணைப் புதுமைகளை, அதாவது அற்புதங்களை, தொகுத்து இணையதளம் ஒன்று அமைத்தார். நாள்தோறும் பூசைக்குப் போனார். அசிசி நகரில் அவருடைய உடல் ஜீன்ஸும் விளையாட்டுக் காலணியுமாகக் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கிறது. ‘அழியாத உடல்’ என்ற பேச்சு பரவியபோது மறைமாவட்டமே அதை மறுத்தது. உடல் இயல்பான மாற்றங்களுக்கு உள்ளாகியிருந்தது, முகம் சிலிக்கோனால் சீரமைக்கப்பட்டது என்று வெளிப்படையாகச் சொன்னது.

புதுமையை நம்புகிற அமைப்பு தன் வாசலிலேயே ஒரு புதுமையை மறுத்துவிட்டு உள்ளே இன்னொன்றை ஏற்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விநோதமாக இருக்கும். ஏற்பதற்கும் மறுப்பதற்கும் ரோம் பல நூற்றாண்டுகளாக ஒரு விசாரணை முறையை வளர்த்து வைத்திருக்கிறது.

நான்கு படிகள்

புனிதர் பட்டம் என்பது ஒருவரைத் திருச்சபை புனிதராக ‘ஆக்குவது’ அல்ல. அவர் இறைவனிடம் இருக்கிறார், அவரிடம் பரிந்துரை கேட்கலாம் என்று உறுதிசெய்து அறிவிப்பது. முதல் ஆயிரம் ஆண்டுகளில் இதற்குப் பெரிய சட்டதிட்டம் இல்லை. மக்கள் கல்லறையில் கூடினார்கள், உள்ளூர் ஆயர் ஒப்புக்கொண்டார், புனிதர் பிறந்தார். 13ஆம் நூற்றாண்டில்தான் அந்த அதிகாரம் முழுவதுமாகத் திருத்தந்தையின் கைக்குப் போனது. 1588இல் இதற்கென்று வத்திக்கானில் தனித்துறை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ஒரு பதவி உலகப் புகழ் பெற்றது. புனிதர் பட்டத்துக்கு முன்மொழியப்பட்டவருக்கு எதிராக வாதாடுவதே அந்தப் பதவியில் இருப்பவரின் வேலை. ‘சாத்தானின் வழக்கறிஞர்’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள்.

இன்று நடைமுறையில் இருப்பது 1983இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கொண்டுவந்த சட்டம். ஒருவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகு, அவர் இறந்த மறைமாவட்டத்தின் ஆயர் விசாரணையைத் தொடங்குகிறார். அப்போது இறந்தவர் ‘இறை ஊழியர்’. கடிதங்கள், நூல்கள், சாட்சியங்கள் எல்லாம் திரட்டப்பட்டு ரோமுக்குப் போகின்றன. அவர் நற்பண்புகளில் வீரத்துவத்தோடு வாழ்ந்தார் என்று முடிவானால் ‘வணக்கத்துக்குரியவர்’. அவரை நோக்கி வேண்டியதால் ஒரு புதுமை நடந்தது என்று உறுதியானால் ‘அருளாளர்’. அருளாளர் ஆன பிறகு இன்னொரு புதுமை நடந்தால் ‘புனிதர்’. விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சிக்கு முதல் புதுமை தேவையில்லை. சிந்திய இரத்தமே அருளாளர் ஆவதற்குப் போதும். புனிதராவதற்கு மட்டும் ஒரு புதுமை வேண்டும்.

1983க்கு முன்பு ஒவ்வொரு படிக்கும் பொதுவாக இரண்டு புதுமைகள் கேட்டார்கள். புதிய சட்டம் அதைப் பாதியாக்கியது. சாத்தானின் வழக்கறிஞருடைய பழைய அதிகாரமும் கரைந்தது. இரண்டாம் ஜான் பால் தமது காலத்தில் 482 பேரைப் புனிதராக அறிவித்தார். முந்தைய ஐந்து நூற்றாண்டுத் திருத்தந்தையர் எல்லோரும் சேர்ந்து அறிவித்ததைவிட இது அதிகம். கொரியாவில் 103, வியட்நாமில் 117, சீனாவில் 120 என்று மறைசாட்சிகள் கூட்டம் கூட்டமாகப் பட்டம் பெற்றார்கள். ஐரோப்பியத் துறவிகளால் நிறைந்திருந்த பட்டியலில் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களும் இல்லறத்தாரும் இடம்பிடித்தார்கள்.

மருத்துவர் சொல்ல வேண்டிய வார்த்தை

புதுமை என்று ரோமுக்கு வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை நோய் நீங்கிய சம்பவங்கள். எந்தக் குணம் கணக்கில் சேரும் என்பதற்கான அளவுகோலை 18ஆம் நூற்றாண்டில் எழுதியவர் புரோஸ்பெரோ லம்பெர்த்தினி. நெடுங்காலம் சாத்தானின் வழக்கறிஞராகவே பணியாற்றி, பிறகு 14ஆம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையானவர். நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். தானாகத் தணியும் கட்டத்தில் இருக்கக் கூடாது. மருந்து கொடுக்காமலோ கொடுத்தும் பலிக்காமலோ இருந்திருக்க வேண்டும். குணம் திடீரென்று வர வேண்டும், முழுமையாக வர வேண்டும், வந்தது நிலைக்க வேண்டும். இந்த அளவுகோலின் சாரம் இன்றும் மாறவில்லை.

1948 முதல் வத்திக்கானுக்கு ஒரு மருத்துவக் குழு இருக்கிறது. 2016இல் திருத்திய விதிகளின்படி குழுவில் ஏழு பேர் அமர்ந்தால் குறைந்தது ஐந்து பேரும், ஆறு பேர் அமர்ந்தால் நான்கு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே சம்பவத்தை மூன்று முறைக்கு மேல் பரிசீலிக்க முடியாது. மருத்துவருக்கான ஊதியம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும்.

இந்த மருத்துவர்களிடம் ‘இது புதுமையா?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘இன்றைய மருத்துவ அறிவைக் கொண்டு இந்தக் குணத்தை விளக்க முடியுமா?’ என்பதுதான் கேள்வி. ‘முடியவில்லை’ என்று பெரும்பான்மை சொன்னால், கோப்பு இறையியலாளர்களிடம் போகிறது. குணமானவருக்காக யாரிடம் வேண்டினார்கள், நோய் நீங்குவதற்கு முன்பு வேண்டினார்களா, வேறு புனிதர்களையும் சேர்த்து அழைத்தார்களா என்று அவர்கள் துருவுகிறார்கள். பிறகு கர்தினால்கள், ஆயர்கள். கடைசியில் திருத்தந்தையின் கையெழுத்து.

இதில் கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இடம் உண்டு. கனடாவைச் சேர்ந்த ஜாக்கலின் டஃபின் இரத்தவியல் மருத்துவர், மருத்துவ வரலாற்றாசிரியர், நாத்திகர். 1980களில் யாருடையது, எதற்கு என்று தெரியாமலேயே எலும்பு மஜ்ஜை மாதிரிகளின் வரிசை ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்துத் தரும்படி அவரைக் கேட்டார்கள். கடுமையான இரத்தப் புற்றுநோய், ஒருமுறை அடங்கி மீண்டும் தாக்கி மறுபடியும் அடங்கியிருந்தது. அந்த நோயாளி இறந்து பல காலம் ஆகியிருக்கும் என்றே அவர் நினைத்தார். நோயாளி உயிரோடு இருந்தார். கனடாவில் பிறந்தவர்களில் முதல் புனிதரான மார்கரெட் யூவில் 1990இல் பட்டம் பெற அடிப்படையாக இருந்தது அந்தக் குணம்தான். டஃபின் திருச்சபை விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். அதன்பின் ஆர்வம் தொற்றிக்கொள்ள, வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் 1588 தொடங்கிப் பதிவான சுமார் 1,400 புதுமைகளைப் படித்து ஒரு நூலே எழுதினார். அவர் இன்னும் நாத்திகர்தான். ஆனால் விளக்க முடியாத ஒன்று நடந்தது என்று சொல்ல அவர் கூச்சப்படவில்லை.

‘தெரியவில்லை’ என்பதும் ‘கடவுள் செய்தார்’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது மருத்துவரின் கூற்று, இரண்டாவது விசுவாசியின் கூற்று. திருச்சபையின் நடைமுறை இரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்திருக்கிறது. கூரையெல்லாம் ஒளி மின்ன, நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சுவரொட்டியில் அறிவித்து அற்புதம் நடத்தும் மேடைகளிலிருந்து இந்த முறை விலகி நிற்பதும் இங்கேதான். மேடையில் குணமானவர் மறுநிமிடமே சாட்சி சொல்கிறார். ரோமில் அவர் மருத்துவக் கோப்போடு பல ஆண்டுகள் காத்திருக்கிறார்.

கொல்கத்தா வழக்கு

முறை கடுமையானது என்பதால் முடிவில் சண்டை இல்லாமல் போய்விடவில்லை. அன்னை தெரசா 1997 செப்டம்பர் 5இல் மறைந்தார். ஐந்தாண்டுக் காத்திருப்பைத் திருத்தந்தை தளர்த்தினார், 1999இலேயே விசாரணை தொடங்கியது. மேற்கு வங்கத்தின் தெற்கு தினாஜ்பூர் மாவட்டத்துப் பழங்குடிப் பெண் ஒருவருக்கு வயிற்றில் கட்டி இருந்தது. அன்னையின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் அவர் வயிற்றின்மீது ஒரு பதக்கத்தை வைத்துச் சகோதரிகள் செபித்தார்கள், கட்டி மறைந்தது என்பது சாட்சியம். ரோம் ஏற்றுக்கொண்டது. 2003 அக்டோபர் 19இல் அன்னை அருளாளர் ஆனார்.

அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. அது காசநோயால் வந்த கட்டி, மாதக்கணக்கில் சாப்பிட்ட மருந்தால் கரைந்தது என்றார். வங்காளத்துப் பகுத்தறிவாளர்கள் கொடிபிடித்தார்கள். அன்னையைக் கடுமையாக விமர்சித்து நூல் எழுதிய கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸைத் திருச்சபையே வாஷிங்டனில் அழைத்து உட்காரவைத்து எதிர்ச் சாட்சியம் கேட்டது. சாத்தானின் வழக்கறிஞர் வேலையைக் கூலி வாங்காமல் பார்த்ததாக அவர் பிறகு கிண்டலடித்தார். மூளையில் பல சீழ்க்கட்டிகள் வந்து பிழைத்த பிரேசில்காரர் ஒருவரின் குணம் இரண்டாவது புதுமையாக ஏற்கப்பட்டு, 2016 செப்டம்பர் 4இல் அன்னை புனிதரானார்.

இந்தச் சர்ச்சையில் ஒரு வேடிக்கை உண்டு. அன்னை தெரசாவைக் கும்பிடுகிறவர்களில் அந்தக் கட்டியை நம்பிக் கும்பிடுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? காளிகாட்டில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிவந்த பெண்மணி என்றுதான் அவரை உலகம் அறியும். பட்டம் கிடைத்தது புதுமையால், பக்தி பிறந்தது வாழ்க்கையால். நவீன காலத்துப் புனிதர்கள் எல்லோரிடத்திலும் இந்த இரட்டைக் கணக்கு ஓடுகிறது.

காற்றாடிமலையும் ஸ்கேன் அறிக்கையும்

அந்த இரட்டைக் கணக்கைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர் அரசில் பணியாற்றியவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மன்னரின் படைத்தலைவராகவே ஆகிவிட்ட டச்சுக்காரர் டிலனாய் வழியாகக் கிறிஸ்தவம் அறிந்தார். 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். நான்கு ஆண்டுகளில் சிறை. எருமையின்மேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். காட்டில் கிடந்த எலும்புகளைப் பொறுக்கிவந்து கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

அன்றிலிருந்தே மக்களுக்கு அவர் வேதசாட்சி. புலியூர்க்குறிச்சியில் தாகத்தோடு அவர் முழங்கையால் இடித்ததும் நீர் சுரந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறைக்கும், சுட்ட கணத்தில் மணிபோல ஒலித்ததாகச் சொல்லும் மணியடிச்சான் பாறைக்கும் தலைமுறை தலைமுறையாக நேர்ச்சையோடு போகிறார்கள். 2012 டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் அவர் அருளாளர் ஆனார். மறைசாட்சி என்பதால் அதற்குப் புதுமை கேட்கவில்லை. 2022 மே 15இல் வத்திக்கானில் புனிதர் பட்டம். இல்லறத்தார் ஒருவர் இந்தியாவிலிருந்து புனிதரானது அதுவே முதல்முறை.

அந்தப் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்த புதுமை பாறை எதுவும் அல்ல. 2013இல் நடந்த ஒரு சம்பவம். 24 வாரக் கர்ப்பிணி ஒருவரின் வயிற்றில் சிசு அசைவற்றுப் போனது, மருத்துவக் கணக்கில் இறந்துவிட்டது. தேவசகாயத்திடம் வேண்டியபின் அசைவு திரும்பியது. மருத்துவக் குழு விளக்கமில்லை என்றது. 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கீகரித்தார். 260 ஆண்டுகளாகக் கேட்ட பாறையின் ஓசையால் ஆகாத காரியம், மருத்துவப் பதிவேட்டால் ஆனது.

தேவசகாயத்தின் வரலாறும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இல்லை. மதத்துக்காக அல்ல, அரசுக்கு எதிரான குற்றத்துக்காகவே அவர் தண்டிக்கப்பட்டார் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் கேரளத்தில் இருக்கிறார்கள். சாதி வேறுபாடு இல்லை என்று அவர் போதித்ததே உயர்குடியினரின் பகையைத் தூண்டியது என்கிறது வத்திக்கான். அப்படிப்பட்டவரின் பெயரோடு ‘பிள்ளை’ ஒட்டிக்கொண்டிருக்கலாமா என்ற எதிர்ப்பு வலுத்ததும், பட்டமளிப்புக்கு முன்பு சாதிப்பெயர் நீக்கப்பட்டது. அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தில்தான், பின்னாளில் கோயிலுக்குள்ளேயே சாதிச்சுவர் எழுந்து 1910இல் இடிபட்டது. ஒரு புனிதரை ஏற்பது அவருடைய புதுமையை ஏற்பதைவிடக் கடினம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

கோப்புக்கு வெளியே

இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்குப் போனால் கோப்பே தேவையில்லாத பக்தியைக் காணலாம். லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, நம் மக்களுக்கு அருளானந்தர், 1693 பிப்ரவரி 4இல் அங்கே தலை வெட்டப்பட்டார். அவர் இரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பும் மணலைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள். பிள்ளை வரம் கேட்கிறார்கள். கிடா வெட்டிச் சமைத்து ஊருக்குப் பந்தி வைக்கிறார்கள். வருகிறவர்களில் இந்துக்களும் ஏராளம். 1947இல் ரோம் பட்டம் கொடுத்தது. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை.

வேளாங்கண்ணியில் வெள்ளியில் செய்த கண்ணும் காலும் தொட்டிலும் குவிகின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை உண்டு, எதற்கும் மருத்துவக் குழு கூடியதில்லை. 2024 மே மாதம் வத்திக்கான் புதிய விதிமுறை ஒன்றை வெளியிட்டது. காட்சிகள், இயற்கைக்கு மீறிய நிகழ்வுகள் என்று சொல்லப்படுபவற்றை ‘இது கடவுளிடமிருந்து வந்ததே’ என்று இனி வழக்கமாக அறிவிக்கப்போவதில்லை, பக்திக்குத் தடையில்லை என்று மட்டும் சொல்லலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஆகஸ்டில் தஞ்சை ஆயருக்கு ரோமிலிருந்து வந்த கடிதம், வேளாங்கண்ணிக்கு வரும் பிற சமயத்தாரின் பக்தியையும் மதித்துப் பேசியது.

மக்கள் பக்தி முந்திக்கொள்ளும்போது ரோமும் சில நேரம் விதியைத் தளர்த்துகிறது. டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழர்களிடையே ஒளிந்து பணியாற்றிய ஜோசப் வாஸ் அடிகளுக்கு இரண்டாவது புதுமை கேட்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் கொழும்புக்கே வந்து பட்டம் கொடுத்துவிட்டு, அன்றே மடு மாதா கோயிலுக்கும் போனார்.

பணம், வேகம், வியாபாரம்

விசாரணைக்குச் செலவாகும். ஆவணம் திரட்ட, மொழிபெயர்க்க, அச்சிட, நிபுணர்களுக்குக் கொடுக்க, வழக்கை நடத்தும் வேண்டுகையாளரை ரோமில் வைத்திருக்க என்று செலவு நீளும். ஒரு வழக்குக்குச் சராசரியாக 5 லட்சம் யூரோ ஆகிறது என்று இத்தாலியப் பத்திரிகையாளர் ஜான்லூயிஜி நுஸ்ஸி 2015இல் எழுதினார். மறு ஆண்டே வத்திக்கான் கணக்கு வழக்குகளுக்குக் கடுமையான விதி கொண்டுவந்தது. ஆனாலும் வசதியுள்ள துறவற சபை நிறுவியவருக்குக் கோப்பு வேகமாக நகரும், ஓலைக் குடிசையில் புனிதமாக வாழ்ந்து மறைந்த கிழவிக்குக் கோப்பே திறக்காது என்ற குறை தீரவில்லை. நவீனக் கருவிகள் அந்த இடைவெளியைக் கூட்டுகின்றன. ஸ்கேன் இருக்கும் ஊரில் நடந்தால்தான் புதுமைக்கு ஆதாரம் கிடைக்கும். ஓரியூர் மணலைப் பூசிக் குணமானவருக்குக் காட்ட எந்தக் காகிதமும் இருக்காது.

வேகத்துக்கு வேறு விலையும் உண்டு. கார்லோவின் புகழ் இணையத்தில் ஏற ஏற, அவருடைய முடி என்று சொல்லி இணையத்தில் ஏலம் நடந்தது. புனிதரின் உடல் எச்சமான அருளிக்கத்தை விற்பது திருச்சபைச் சட்டப்படி தடை. அசிசி மறைமாவட்டம் 2025இல் காவல்துறையிடம் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று.

குணமாகாத புனிதர்கள்

கார்லோவின் பெயரில் ஏற்கப்பட்ட புதுமைகள் இரண்டு. கணையக் குறைபாட்டோடு பிறந்த பிரேசில் நாட்டுச் சிறுவன் நலம்பெற்றான். இத்தாலியில் மிதிவண்டியிலிருந்து விழுந்து மூளையில் அடிபட்ட கோஸ்தா ரிக்கா மாணவி, தாய் அசிசியில் கல்லறையருகே முழந்தாளிட்ட பிறகு பிழைத்தார். கார்லோ மட்டும் மருத்துவமனைக்குப் போன சில நாட்களிலேயே இறந்துவிட்டார்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இரண்டாம் ஜான் பாலின் பெயரில் ஏற்கப்பட்ட முதல் புதுமை, பிரெஞ்சுத் துறவி ஒருவரின் பார்க்கின்சன் நோய் நீங்கியது. அதே நோயால் ஜான் பாலின் கை நடுங்கியதையும் பேச்சுக் குழறியதையும் உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. பிரான்சின் லூர்துக் கெபியில் 1858இல் மாதாவைக் கண்ட பெர்னதெத் நோயில் நொந்து 35 வயதில் போனார். இந்தியாவின் முதல் பெண் புனிதர், கேரளத்துப் பரணங்கானத்தின் அல்போன்சாவும் நோய்ப் படுக்கையிலேயே வாழ்ந்து 35 வயதில் மறைந்தார். நொந்து கிடந்த ஆண்டுகளே அவரைப் பலரிடம் கொண்டு சேர்த்தன.

லூர்தில் குணமானதாகச் சொல்லி மருத்துவ அலுவலகத்தில் பதிவான சம்பவங்கள் சுமார் 7,000. அவற்றில் திருச்சபை புதுமை என்று ஏற்றவை 72 மட்டுமே. பதிவே செய்யாமல், கொண்டுபோன நோயோடு திரும்பியவர்கள் கோடிக்கணக்கில். அவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றப்பட்டதாக நினைக்கவில்லை, அடுத்த ஆண்டும் போகிறார்கள். புதுமை நம்பிக்கையைக் குணமானவர்களின் எண்ணிக்கையால் அளந்தால் அது தோல்விக் கணக்கு. குணமாகாதவருக்கு அது என்ன மரியாதை தருகிறது என்பதால் அளப்பதே நியாயம். ‘உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் தீரவில்லை’ என்று நோயாளியைக் குற்றவாளியாக்கும் மேடைகள் இன்று பெருகிவிட்டன. அந்த மேடையில் பெர்னதெத்தையும் அல்போன்சாவையும் கார்லோவையும் ஏற்றினால், மூவரும் விசுவாசம் குறைந்தவர்கள் என்றுதான் தீர்ப்பு வரும்.